மலைமேல் மாதா – 9: பணிந்தவர்களும் பணியாதவர்களும்

இதுவரை: எத்தியோப்பியாவில், அட்வாவுக்கு அருகே அப்பா கரிமா மடத்தில், தோல் ஏடுகளில் தீட்டிய நற்செய்தி நூல்களோடு இந்தத் தொடர் ஆரம்பித்தது. லாலிபெலாவில் பாறையைக் குடைந்து எடுத்த ஆலயங்களுக்குள் இறங்கி ஏறினோம். 1270-இல் யெக்குனோ அம்லாக் ஆட்சியைப் பிடித்து, சாலமோன் வழிவந்தவர்கள் என்று உரிமை கொண்டாடிய அரச மரபை நிலைநாட்டியதைப் பார்த்தோம். சென்ற வாரம், பேரரசர் தாவீத் 1402-இல் வெனிஸ் நகருக்குச் சிறுத்தைகளைப் பரிசாக அனுப்பி, அங்கிருந்து கைவினைஞர்களையும் திருப்பொருள்களையும் வரவழைத்த இடத்தில் நிறுத்தினோம்.

1413-இல் தாவீத் இறந்தார். அடுத்த 21 ஆண்டுகளில் ஆறு பேர் அரியணை ஏறி இறங்கினார்கள். ஏழாவதாக வந்தவர்தான் இந்த வாரக் கதையின் நாயகர். வில்லனும் அவரே என்று சொல்பவர்களும் உண்டு.

மலைச்சிறையில் ஒரு இளவரசர்

அம்பா கெஷென், உச்சி தட்டையான ஒரு மலை. சுற்றிலும் செங்குத்துச் சரிவு. மேலே ஏறும் வழியில் எந்நேரமும் காவல். அரியணைக்கு உரிமை கோரக்கூடிய ஆண் வாரிசுகளை அங்கே கொண்டுபோய் அடைத்துவைப்பது எத்தியோப்பிய அரச குடும்பத்தின் வழக்கம். அரசர் இறந்தால் அங்கிருந்து ஒருவரை அழைத்து வந்து முடிசூட்டுவார்கள். மற்றவர்களுக்கு அந்த மலையே உலகம்.

1399-இல் பிறந்த ஜரா யாகோப், தாவீத்தின் மகன். கருவில் இருந்தபோதே தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து வந்தது, தாய் மரியன்னையிடம் மன்றாடினார், பிள்ளை பிழைத்தது என்று ஒரு மரபுக் கதை உண்டு. கதை எப்படியோ, வளர்ந்த பிள்ளை தன்னை மரியாளின் சொத்தாகவே கருதினார்.

அதற்கு வீட்டிலேயே விதை இருந்தது. தாவீத்தின் காலத்தில்தான் மரியன்னையின் அற்புதங்களைச் சொல்லும் 'தெஅம்ரே மரியாம்' என்ற கதைத் தொகுப்பு அரபியிலிருந்து எத்தியோப்பியத் திருச்சபையின் மொழியான கீஸுக்கு வந்தது. ஐரோப்பாவில் பிறந்து, எகிப்து வழியாக நடந்து, எத்தியோப்பிய மலைகளுக்கு வந்து சேர்ந்த கதைகள் அவை. பாவி ஒருவன் மாதாவின் பெயரை ஒரே ஒருமுறை சொன்னதால் தப்பிப்பான். மாதாவின் படத்தை மதித்தவனுக்கு மாதாவே வந்து துணை நிற்பாள். அந்தக் கதைகளில் படம் வெறும் பலகை கிடையாது. அது பேசும், அழும், காப்பாற்றும்.

1434-இல் அழைப்பு வந்தது. மலையிலிருந்து இறங்கியபோது ஜரா யாகோபுக்கு வயது 35 இருக்கும். நம்பிக்கை எவ்வளவு ஊறியிருந்ததோ, சந்தேகமும் அவ்வளவு ஊறியிருந்தது.

அரசரின் அச்சங்கள்

அவர் கைக்கு வந்த நாடு பெரியது. ஆனால் ஒட்டாத நாடு.

கிழக்கே அதால் சுல்தானகம் படை திரட்டிக்கொண்டிருந்தது. உள்ளே, திருச்சபையே இரண்டாகப் பிளந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமையோடு சனிக்கிழமையையும் ஓய்வுநாளாக அனுசரிக்க வேண்டும் என்று எவோஸ்தாதேவோஸ் என்ற துறவியின் வழிவந்தவர்கள் பல தலைமுறைகளாகப் பிடிவாதம் பிடித்தார்கள். அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த ஆயர்கள் அதை ஏற்கவில்லை. புதிதாக அரசோடு சேர்ந்த பகுதிகளில் மக்கள் கோயிலுக்கும் போனார்கள், குறி சொல்பவரிடமும் போனார்கள். காய்ச்சல் வந்தால் பழைய தெய்வம், திருவிழா வந்தால் சிலுவை.

இதையெல்லாம் ஜரா யாகோப் ஒரே நோயின் பல அறிகுறிகளாகப் பார்த்தார். ஒரு நாட்டுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை வீட்டுக்குள் மறைந்து கிடக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

1436-இல் அக்சூமுக்குச் சென்று பழைய முறைப்படி முடிசூடிக்கொண்டார். 1445-இல் கோமித் போரில் அதால் சுல்தான் பத்லாயை வென்றார். 1450-இல் தெப்ரே மித்மாக் மடத்தில் பேரவையைக் கூட்டி, சனி, ஞாயிறு இரண்டுமே ஓய்வுநாள் என்று முடிவெடுக்க வைத்தார். நூறு ஆண்டுப் பூசல் அடங்கியது. அந்த மடத்தின் பெயரே எகிப்திலிருந்து வந்ததுதான். அங்கே மரியன்னை காட்சி கொடுத்ததாகப் பெயர்பெற்ற தலம் இடிக்கப்பட்ட செய்தி வந்ததும், அதே பெயரில் தன் நாட்டில் ஒன்றைக் கட்டினார்.

மறுபக்கம் இருண்டது. சூனியத்துக்கு அஞ்சி, அரண்மனைக்குள் இரவும் பகலும் குருக்கள் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தபடி இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார். மக்கள் நெற்றியில் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற பெயர்களைப் பொறித்துக்கொள்ள வேண்டும் என்று ஆணை பிறந்தது. வலது கையில் சாத்தானை மறுக்கும் சொற்கள். இடது கையில் தஸ்க் என்ற பழைய தெய்வத்தை மறுத்து, தான் மரியாளின் ஊழியன் என்று அறிவிக்கும் சொற்கள். பழைய தெய்வங்களை வணங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டபோது தன் சொந்த மகன்களையும் மகள்களையும்கூட அவர் விடவில்லை. அடித்துச் சித்திரவதை செய்ததில் அவர்களில் சிலர் இறந்துபோனதாக அரசவைக் குறிப்பே பதிவு செய்திருக்கிறது.

இப்படிப்பட்ட ஒருவர் கையில்தான் எத்தியோப்பிய ஓவியத்தின் தலையெழுத்து அகப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆணை

அதுவரை எத்தியோப்பியாவில் ஓவியம் பெரும்பாலும் இரண்டு இடங்களில் வாழ்ந்தது. ஒன்று, கோயில் சுவர். மற்றொன்று, தோல் ஏடு. சுவர் நகராது. ஏடு நகரும், ஆனால் அதைத் திறந்து பார்க்கும் உரிமை குருக்களுக்கு மட்டுமே. எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர் அதன் அட்டையைத் தொலைவிலிருந்து பார்த்திருப்பார். அவ்வளவுதான்.

ஜரா யாகோப் எழுத்தாளரும்கூட. 'மெஸ்ஹஃபா பெர்ஹான்' உள்ளிட்ட சமய நூல்கள் அவர் பெயரில் நிற்கின்றன. அவர் போட்ட ஒழுங்குகளை வரிசையாக வைத்தால் ஒரு திட்டம் தெரியும்.

ஒவ்வொரு கோயிலிலும் மரியன்னைக்கு ஒரு தாபோத், அதாவது அபிஷேகம் செய்த பீடப்பலகை, இருக்க வேண்டும். ஆண்டுக்கு 33 நாள் மரியன்னையின் திருநாள். அந்த நாள்களில் 'தெஅம்ரே மரியாம்' கதைகளைச் சபை முன் வாசிக்க வேண்டும். ஞாயிறுதோறும், திருநாள்தோறும் மரியன்னையின் திருப்படத்தை வெளியே எடுத்துத் தூபம் காட்ட வேண்டும். அதன் முன் அனைவரும் நெற்றி தரையில் பட விழுந்து பணிய வேண்டும்.

கடைசி ஆணையை நின்று கவனிக்க வேண்டும். கதையைக் காது கேட்கிறது, படத்தைக் கண் பார்க்கிறது, உடம்பு தரையில் விழுகிறது. படிக்காதவரும் தப்ப முடியாது. யார் விழுந்தார், யார் விழவில்லை என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். எத்தியோப்பியப் பேரரசர்கள் பொதுமக்களுக்கு முகம் காட்டுவதில்லை. திரைக்குப் பின்னால் அமர்ந்து, வாய்மொழியை இன்னொருவர் மூலம் வெளியே அனுப்புவது அரண்மனை மரபு. குடிமக்களில் பெரும்பாலோர் தங்கள் அரசரின் முகத்தைப் பார்க்காமலே செத்துப்போனார்கள். அரசரின் ஆணையால் அவர்கள் வாரந்தோறும் பார்த்த முகம் மரியாளுடையது.

ஆணை சுலபம். நாடு முழுக்கக் கோயில்கள். அத்தனைக்கும் படம் வேண்டும். யார் வரைவது?

ஐரோப்பாவிலிருந்து ஆள் பிடிக்கும் முயற்சி முன்பே நடந்திருந்தது. ஜரா யாகோபின் அண்ணன் யெஷாக், அரகோன் மன்னர் ஐந்தாம் அல்போன்சோவிடம் கைவினைஞர்களைக் கேட்டிருந்தார். 13 பேர் புறப்பட்டார்கள். ஒருவரும் வந்து சேரவில்லை, வழியிலேயே மாண்டார்கள். ஜரா யாகோபும் 1450-இல் தூது அனுப்பி மறுபடி கேட்டார். அந்த 13 பேர் இறந்த செய்தியைச் சொல்வது, அப்போது அல்போன்சோ எழுதிய பதில் கடிதம்தான்.

வெளியாள் வருவார் என்று ஞாயிற்றுக்கிழமை காத்திருக்குமா? உள்ளூர்க் கை ஒன்று தூரிகையை எடுத்தது.

பலகைக்கு முன்னால் ஃப்ரே செயோன்

தானா ஏரி. நீல நைல் பிறக்கும் இடம். அதன் நடுவே மரங்கள் அடர்ந்த கூம்பு போல எழும் தீவு, தாகா. உச்சியில் புனித ஸ்தேவானின் மடம். பெண்கள் கால் வைக்க முடியாத தீவு. அந்தக் கோயிலில் ஒரு பெரிய மரப்பலகை இருக்கிறது: குழந்தையோடு மரியாள், துணைக்கு அதிதூதர்கள்.

அதில் ஒரு எழுத்து உண்டு. ஜரா யாகோபின் காலத்தில் தீட்டியது என்று சொல்லி, தீட்டியவர் பெயரையும் தருகிறது: ஃப்ரே செயோன்.

எத்தியோப்பிய ஓவியர்கள் பெயர் போடுவது அரிது. ஓவியம் வரைபவர் பெரும்பாலும் துறவி. புகழ் தேடுவது பாவம். ஃப்ரே செயோனும் துறவிதான். அவர் கையெழுத்திட்ட இந்த ஒரு பலகையை அளவுகோலாக வைத்துக்கொண்டுதான், கையெழுத்தில்லாத மற்றப் பல பலகைகளை அவருடையவை என்றும் அவர் பட்டறையில் பிறந்தவை என்றும் கலை வரலாற்றாளர்கள் அடையாளம் கண்டார்கள். அவர்களில் முதன்மையானவர் மெரிலின் ஹெல்ட்மன். ஃப்ரே செயோன் பற்றி அவர் எழுதிய நூல் 1994-இல் வெளிவந்தது.

ஒரு பலகை எப்படிப் படமானது என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

முதலில் மரம். ஒலிவ மரமும் உண்டு, 'வன்சா' என்ற மரமும் உண்டு. வன்சா நம் ஊர் நறுவிலியின் இனம். பலகையை இழைத்துச் சமப்படுத்தி, அதன் மேல் ஜிப்சம் தூளை விலங்குப் பசையில் குழைத்துப் பூசுவார்கள். காய்ந்ததும் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். வெள்ளையான தளம் கிடைக்கும். அதன் மேல் கறுப்புக் கோட்டில் உருவம். பிறகு வண்ணம்: சிவப்புக்கு ஜாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், நீலத்துக்கு அவுரி, கறுப்புக்குக் கரி.

வண்ணங்களைக் கலந்து நிழல் காட்டும் வேலை குறைவு. பரப்பு பரப்பாக நிறத்தை நிரப்பி, மேலே கோடுகளால் உயிர் கொடுப்பதுதான் இந்த ஊர் முறை. ஃப்ரே செயோனின் பலம் அந்தக் கோட்டில் இருக்கிறது. முக்காட்டின் மடிப்புகள் ஒன்றையொன்று தொடாமல் இணையாக இறங்கும். முட்டை வடிவ முகம், நீண்ட மூக்கு, சின்ன வாய், பாதாம் வடிவக் கண்.

மரியாள் கையில் சில படங்களில் பூங்கொத்து. குழந்தை கையில் சில படங்களில் ஒரு சிறு பறவை. சில படங்களில் குழந்தை கையை உயர்த்தித் தாயின் முகவாயைத் தொடும். கிரேத்தா தீவிலும் இத்தாலியிலும் இந்த அமைப்புகளைப் பார்க்கலாம். அங்கிருந்து வந்த படங்களை இந்த ஊர் ஓவியர்கள் பார்த்திருக்க வேண்டும். ஆனால் பார்த்ததை அப்படியே படியெடுக்கவில்லை.

அந்த வித்தியாசம் இரு பக்கமும் நிற்கும் அதிதூதர்களிடம் துலக்கமாகத் தெரிகிறது. மிக்கேலும் கபிரியேலும் உருவிய வாளோடு நிற்கிறார்கள். தாய் பிள்ளையைக் கொஞ்சும் படத்தில் வாளுக்கு என்ன வேலை?

அரசவையைத் தெரிந்தவருக்கு விடை தெரியும். அரியணையின் இரு புறமும் வாளேந்திய காவலர் நிற்பது அங்கே வழக்கம். ஃப்ரே செயோன் அந்த அரியணையில் மரியாளை உட்காரவைத்தார். திரைக்குப் பின்னால் மறைந்திருந்த அரசவையை, திரை விலக்கி, மரியாளின் பெயரில் மக்கள் முன் நிறுத்தினார். அதன் முன் விழுந்து பணிந்தவர்கள் எதற்குப் பணிந்தார்கள்? மாதாவுக்கா, மன்னருக்கா?

இந்தக் கேள்வியை அன்றே ஒருவர் கேட்டார்.

பணிய மறுத்தவர்

அவர் பெயர் எஸ்திஃபானோஸ். திக்ராய்ப் பகுதித் துறவி. வரி விதிக்கும் நிலங்களை அரசரிடம் மானியமாகப் பெற்று வாழும் மடங்களைக் கண்டு முகம் சுளித்தவர். அவரும் சீடர்களும் உழைத்துச் சாப்பிட்டார்கள். அரசர் தருவதைத் தொடவில்லை.

அவர் கொள்கை எளிமையானது. பிதா, சுதன், பரிசுத்த ஆவி ஆகிய ஒரே கடவுள் முன்தான் நெற்றி தரையில் படும். வேறு எவர் முன்னும் படாது. மரியாளை மதிக்கலாம், வாழ்த்தலாம்; விழுந்து பணிவது கடவுளுக்கு மட்டும் உரியது. சிலுவைக்கும் அப்படியே. அரசருக்குச் சொல்லவே வேண்டாம்.

சமய நுணுக்கம் போலத் தோன்றும். ஆனால் ஜரா யாகோபின் நாட்டில் இது அரசியலின் ஆணிவேரில் வைத்த கோடரி. அரசர் முன் விழாதவர் அரசை ஏற்காதவர். மரியாளின் படத்துக்கு முன் விழாதவர் அரசர் கட்டி எழுப்பும் ஒரே நம்பிக்கையை ஏற்காதவர். இரண்டு மறுப்பும் ஒரே ஆளிடமிருந்து வந்தால்?

அரசர் முன் அவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர் சீடர்கள் எழுதிவைத்த வரலாறு அந்தச் சந்திப்பை விரிவாகச் சொல்கிறது. சபை முழுவதும் தரையில் கிடக்க, ஒரு மெலிந்த துறவி நின்றுகொண்டிருக்கிறார். அரசருக்கு உரியதைத் தருவேன், கடவுளுக்கு உரியதை அவருக்குத் தர மாட்டேன் என்பதுதான் அவர் நிலையின் சாரம்.

கசையடி விழுந்தது. சிறை வந்தது. சிறையிலேயே எஸ்திஃபானோஸ் இறந்தார்.

தலைவர் போனால் கூட்டம் கலையும் என்று நினைத்திருப்பார்கள். கலையவில்லை. 'எஸ்திஃபானோஸின் மக்கள்' என்ற பெயரோடு பரவியது.

வானத்தில் ஒரு ஒளி

1450-களில் பொறுமை தீர்ந்தது.

பிடிபட்டவர்களை அரசர் முன் நிறுத்தி விசாரித்தார்கள். மரியாளுக்கும் சிலுவைக்கும் பணிய மறுத்தார்கள். மூக்கையும் நாக்கையும் அறுத்தார்கள். அப்போதும் மறுத்தார்கள். எத்தியோப்பிய நாள்காட்டியில் யெகாத்தித் மாதம் 2-ஆம் நாள், அவர்களைக் கல்லெறிந்து கொன்றார்கள்.

38 நாள் கழித்து, மெகாபித் 10-ஆம் நாள், அதே இடத்தில் வானத்தில் ஒரு ஒளி தோன்றி நாள்கணக்கில் நின்றதாக அரசவைக் குறிப்பு சொல்கிறது. அன்று திருச்சிலுவைத் திருநாள்.

அரசருக்குச் சந்தேகமே வரவில்லை. தான் செய்தது சரி என்று வானமே சாட்சி சொல்லிவிட்டது. அந்த இடத்தில் ஒரு கோயிலையும் அரண்மனையையும் கட்டினார். ஊர் ஊராகக் கூடாரத்தோடு நகர்ந்துகொண்டே இருந்த அரசவை, அங்கே பல ஆண்டுகள் நிலைகொண்டது. அதுதான் தெப்ரே பெர்ஹான் நகரம். (கூரை முழுக்கத் தேவதூதர் முகங்களோடு கோந்தர் நகரில் இருக்கும் இதே பெயர்கொண்ட கோயில் வேறு. அது பின்னால் வரும் அத்தியாயம்.)

அந்த ஒளி 1456-இல் வந்த ஹாலி வால்நட்சத்திரமாக இருக்கலாம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஹாலி அந்த ஆண்டு வெறும் கண்ணுக்குத் தெரிந்தது ஜூன் மாதத்தை ஒட்டி. மெகாபித் 10 மார்ச் மாதத்தில் வருகிறது. கணக்கு இடிக்கிறது.

கொல்லப்பட்டவர்களின் தோழர்கள் அந்த வானத்தில் என்ன கண்டார்கள் என்று யோசிக்கலாம். ஒரே ஒளிக்கு இரண்டு பொருள் இருக்க முடியும்.

குண்டா குண்டே

உயிர் தப்பியவர்கள் வடகிழக்கே, திக்ராய் மேட்டுநிலம் சரிந்து இறங்கும் பள்ளத்தாக்கு ஒன்றில் ஒதுங்கினார்கள். குண்டா குண்டே. இன்றைக்கும் கால்நடையாகச் செங்குத்தான பாதையில் இறங்கித்தான் போக வேண்டும். அரசப் படை எளிதில் எட்டாத இடம்.

படத்துக்குப் பணிய மறுத்தவர்கள் அங்கே என்ன செய்தார்கள்?

படம் வரைந்தார்கள்!

15-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அந்த மடத்தில் உருவான தோல் ஏடுகள் எத்தியோப்பியக் கலையின் உச்சங்களில் ஒன்று. ஆய்வாளர்கள் 'குண்டா குண்டே பாணி' என்றே தனியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். மெலிந்து நீண்ட முகங்கள். பக்கவாட்டில் நோக்கும் கண்கள். துணி மடிப்பு மடிப்பாக இராமல் கட்டம் கட்டமாக, கோடு கோடாக, நெய்த பாய் போல விரியும். சிவப்பு, பச்சை, மஞ்சள் ஒன்றோடொன்று மோதி நிற்கும். அந்தப் பாணியில் 1540 வாக்கில் உருவான நற்செய்தி நூல் ஒன்று இன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

முரண் போலத் தெரிந்தாலும் அவர்கள் அளவில் முரணே இல்லை. அவர்கள் பகைத்தது ஓவியத்தை அன்று. ஓவியத்தைக் காட்டிக் குனிய வைக்கும் அதிகாரத்தை. ஏட்டுக்குள் இருக்கும் படத்துக்கு யாரும் விழ வேண்டியதில்லை. புரட்டலாம், பார்க்கலாம், தியானிக்கலாம்.

அரசரின் ஆணை ஒரு ஓவிய மரபை வளர்த்தது. அந்த ஆணையை மீறியவர்கள் இன்னொன்றை வளர்த்தார்கள். ஒரே சண்டையின் இரு கரைகளிலும் விளைச்சல். எத்தியோப்பிய ஓவியத்தின் பொற்காலங்களில் ஒன்று என்று இந்த நூற்றாண்டைச் சொல்லும்போது, அதற்கு உரமாகப் போன இரத்தத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வெனிஸ்காரர் வருகிறார்

1468-இல் ஜரா யாகோப் இறந்தார். மகன் பயேதா மரியாம் அரியணை ஏறினார். அவருடைய தாயையே ஜரா யாகோப் அடித்துச் சாகவைத்திருந்தார். புதிய அரசர் தந்தையின் கடுமையைத் தளர்த்தினார். மாதா பக்தியைத் தளர்த்தவில்லை. அம்ஹாரா பகுதியில் அத்ரோன்சா மரியாம் என்ற பெரிய கோயிலை எழுப்பினார்.

கேட்டுக் கேட்டு வராத ஐரோப்பிய ஓவியர், ஜரா யாகோபின் காலம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தார். நிக்கோலோ பிரன்கலேயோன், வெனிஸ் நகரத்தவர். எத்தியோப்பியர்கள் அவரை மர்கோரேவோஸ் என்று அழைத்தார்கள். 1520-இல் போர்த்துகீசியத் தூதுக்குழுவோடு வந்த பாதிரியார் ஃபிரான்சிஸ்கோ அல்வாரெஸ் அவரைச் சந்தித்தார். அதற்குள் அவர் அங்கே 40 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்டார். நாட்டு மொழி பேசினார், செல்வாக்கோடு இருந்தார். வந்தவரைத் திரும்பிப் போக விடாதது எத்தியோப்பிய அரசவையின் பழக்கம்.

அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. 18-ஆம் நூற்றாண்டில் வந்த ஸ்காட்லாந்துப் பயணி ஜேம்ஸ் புரூஸ் எழுதி வைத்தது. வெனிஸ்காரர் அத்ரோன்சா மரியாமில் மாதாவை வரைந்தாராம். தன் ஊர் வழக்கப்படி குழந்தை இயேசுவை மாதாவின் இடது கையில் வைத்தாராம். இடது கை இழிவானது என்று கருதும் ஊரில் கூச்சல் கிளம்பியதாம். ஆனால் அரசருக்குப் படம் பிடித்துப்போக, அது தப்பியதாம்.

புரூஸ் இதைப் பயேதா மரியாமின் காலத்தில் வைக்கிறார். அல்வாரெஸின் கணக்குப்படி ஓவியர் வந்தது 1480 வாக்கில். பயேதா மரியாம் 1478-லேயே இறந்துவிட்டார். எனவே கதையை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. ஆனால் அது ஒன்றைக் காட்டுகிறது. குழந்தை எந்தக் கையில் என்று ஊர் சண்டை போடும் அளவுக்கு மாதாவின் படம் ஊரின் சொத்தாகியிருந்தது. ஜரா யாகோபின் ஆணை வேர்பிடித்துவிட்டது. இப்போது அதைக் காக்க அரசக் காவலர் தேவையில்லை.

கிழக்கிலிருந்து தூசி

அரண்மனையில் இன்னொருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜரா யாகோபின் அரசியருள் ஒருவரான எலேனி. ஹதியா நாட்டு இஸ்லாமிய அரச குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்தவராகி, அடுத்தடுத்த அரசர்களின் காலத்திலும் அதிகாரத்தை இழக்காத பெண்மணி. சிறுவன் லெப்னா தெங்கெல் 1508-இல் அரசரானபோது ஆட்சிப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

அதால் பக்கம் காற்று மாறுவதை எலேனி உணர்ந்தார். அடுத்த ஆண்டே போர்த்துகல் மன்னருக்குக் கடிதம் எழுதி, மத்தேயு என்ற தூதரிடம் கொடுத்தனுப்பினார். கூட்டணி வேண்டும் என்று கேட்டார். பதில் தூதுக்குழு வந்து இறங்க 1520 ஆகிவிட்டது. வளர்ந்து நின்ற லெப்னா தெங்கெலுக்கு அப்போது உதவி தேவைப்படவில்லை. அல்லது அப்படி நினைத்தார். குழு ஆறு ஆண்டுகள் தங்கி, பெரிய உடன்பாடு எதுவும் இல்லாமல் திரும்பியது.

மூன்றே ஆண்டுகள். 1529, ஷிம்ப்ரா குரே சமவெளி. அதாலின் படைத்தலைவர் அகமது இப்னு இப்ராகிம், தன்னைவிடப் பெரிய எத்தியோப்பியப் படையைச் சிதறடித்தார். 1531-இல் அவர் படைகள் மேட்டுநிலத்துக்குள் புகுந்தன. தெப்ரே லிபனோஸ் மடம் எரிந்தது. பொன் இழைத்த மெகானே செலாசி கோயில் எரிந்தது. அத்ரோன்சா மரியாமும் தப்பவில்லை.

ஒரு நூற்றாண்டு முழுக்கக் கோயில் கோயிலாகச் சேர்த்த திருப்படங்கள், தோல் ஏடுகள், தாபோத்கள். சுவரைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். ஏட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடலாம்.

ஃப்ரே செயோனின் கையெழுத்துள்ள பலகை இன்றும் தாகா தீவில் இருக்கிறது. அதே தீவில்தான், முதலில் வேறொரு கோயிலில் அடக்கம் செய்யப்பட்ட ஜரா யாகோபின் உடலும் இருக்கிறது. பணிய மறுத்தவர்களின் குண்டா குண்டே ஏடுகளும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஆக, யாரோ எடுத்தார்கள், யாரோ சுமந்தார்கள், யாரோ ஒளித்தார்கள்.

மேட்டுநிலம் பற்றி எரிந்த அந்த ஆண்டுகளில், எதைக் காப்பது, எதை விட்டுவிடுவது என்று மடங்கள் எப்படி முடிவெடுத்தன? ஏரித் தீவுகள் எப்படி ஒரு நாட்டின் நிலவறை ஆயின? எலேனி கேட்ட போர்த்துகீசிய உதவி கடைசியில் வந்தபோது, அதன் விலையாக எத்தியோப்பியர்கள் எதைக் கொடுக்க வேண்டியிருந்தது?

அடுத்த வாரம்.